மிஸ்ட் ஃபில்டரும் குத்துவிளக்கும்

கல்யாண வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, மிஸ்ட் ஃபில்டர் வாங்கலாம்னு இருக்கேன். ஒன் பை ஃபோர் வாங்கட்டுமா, ஒன் பை எய்ட் வாங்கட்டுமா?"

"ஃப்ரேமுக்குள்ள என்ன லைட் இருக்கும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது முகத்தைப் பற்றி. பொண்ணு முகம் மெத்தென்று வர வேண்டும், பரு தெரியக் கூடாது, ரீல்ஸில் பார்க்கும் அந்த 'சினிமா லுக்' வர வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டினால் போதும் என்று நம்பிக்கை. இந்தக் கண்ணாடி வேலை செய்வது ஒளியின் மேல். முகத்துக்குக் கிடைப்பதெல்லாம் அந்த ஒளி வழியாகத்தான் கிடைக்கிறது. எந்த ஃபில்டர், எந்த நம்பர், எப்போது கழற்ற வேண்டும் என்ற எல்லாக் கேள்விக்கும் ஃப்ரேமில் இருக்கும் விளக்குதான் பதில் சொல்லும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். டிஃபன் கம்பெனியின் பிளாக் ப்ரோ-மிஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் மிக நுண்ணிய துகள்கள் கொண்ட ஒரு படலம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் தூவினாற்போல் தெரியும். லென்ஸுக்குள் போகும் ஒளியில் பெரும்பகுதி இந்தத் துகள்களின் இடைவெளி வழியாக நேராகப் போய்விடுகிறது. அதனால்தான் இமைமுடி இமைமுடியாகவே ஷார்ப்பாக இருக்கிறது. மிச்சமிருக்கும் கொஞ்சம் ஒளி துகள்களில் பட்டுச் சிதறி, தன் இடத்தை விட்டுப் பக்கத்தில் போய் விழுகிறது. ஆக சென்சாரில் பதிவது இரண்டு படம்: ஒன்று கூர்மையானது, அதன் மேல் மெல்லிசாகப் பரவிய இன்னொன்று. ஃபோகஸ் தப்பிய படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஃபோகஸ் தப்பினால் கூர்மையான படம் என்பதே கிடையாது.

மார்கழி விடியற்காலையில் தெருவிளக்கைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் தெரியுமே, அங்கே பனித்துளி செய்யும் வேலையைத்தான் இங்கே துகள் செய்கிறது. அந்தத் தெருவில் விளக்கே எரியாவிட்டால் ஒளிவட்டமும் இல்லை, வெறும் மங்கல்தான். ஃபில்டரும் அப்படியே. ஃப்ரேமில் பளிச்சென்று ஏதாவது இருந்தால்தான் அதற்கு வேலை. மேகமூட்டமான மத்தியானத்தில், வெள்ளைச் சுவர் முன்னால் ஒருவரை நிறுத்தி 1/4 மிஸ்ட் மாட்டி எடுத்தால் கான்ட்ராஸ்ட் குறையும், நிறம் வெளிறும், வேறு ஒன்றும் ஆகாது. அதே ஆளைச் சாயங்காலம் ஏழு மணிக்குச் சீரியல் லைட் போட்ட தோட்டத்தில் நிறுத்தினால் ஒவ்வொரு பல்பும் ஒரு சின்ன நிலாவாகிவிடும்.

"இதெல்லாம் எடிட்டில் போட்டுக்கலாமே, எதுக்கு லென்ஸ் முன்னாடி ஒரு கண்ணாடி?" என்று எடிட்டர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டாவின்சி ரிசால்வில் க்ளோ இருக்கிறது, லைட்ரூமில் கிளாரிட்டியைக் கீழே இழுக்கலாம். நானும் அதையெல்லாம் பயன்படுத்துகிறேன். ஆனால் முகூர்த்த மேடையில் ஒரு காட்சியைப் பாருங்கள். குத்துவிளக்கில் ஐந்து திரி எரிகிறது. பக்கத்தில் மாப்பிள்ளை பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறார், அதன் மேல் வீடியோ லைட் அடிக்கிறது. வேட்டியின் மடிப்பு ஒன்று ஓவர் எக்ஸ்போஸ் ஆகிவிட்டது, சுடரும் ஓவர் எக்ஸ்போஸ். ஃபைலில் இரண்டுமே 255. எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு அந்த இரண்டு வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. க்ளோ போட்டால் விளக்கும் மின்னும், வேட்டியும் மின்னும். நிஜத்தில் சுடர், வேட்டியைவிட நாலு ஸ்டாப் அதிக வெளிச்சம் என்று வைத்துக்கொண்டால், அது 16 மடங்கு. சென்சார் அந்த 16 மடங்கை வெட்டி எறிவதற்கு முன்னால் ஃபில்டர் அதைப் பார்க்கிறது. எனவே சுடரிலிருந்து 16 பங்கு ஒளி சிதறும், வேட்டியிலிருந்து ஒரு பங்குதான் சிதறும். விளக்கு விளக்காகவும் துணி துணியாகவும் இருக்கும். நல்ல கலரிஸ்ட் மாஸ்க் போட்டு விளக்கை மட்டும் பிரித்தெடுத்துச் செய்துவிட முடியும்தான். ஆறு மணி நேரக் கல்யாண ஃபுட்டேஜில் அதை யாரும் ஷாட்டுக்கு ஷாட் செய்யப்போவதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஃபில்டர் போட்டு எடுத்த படத்திலிருந்து அந்த எஃபெக்ட்டைப் பின்னால் நீக்க முடியாது. தாலி கட்டும் நொடியில் 1/2 மிஸ்ட் மாட்டியிருந்தால், அந்தக் குடும்பம் எத்தனை வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அது 1/2 மிஸ்ட்தான். இதனால் எனக்கென்று ஒரு பழக்கம்: சடங்குக்கு 1/8-ஐத் தாண்டுவதில்லை. அவுட்டோர் ஷூட், ரிசப்ஷன், ஊஞ்சல் மாதிரி இடங்களில் 1/4. அதற்கு மேல் போவது பாட்டு மாதிரி எடிட் செய்யும் ஷாட்டுகளுக்கு மட்டும்.

இப்போது நம்பர் விஷயம். 1/8, 1/4, 1/2, 1 என்று ஏறிக்கொண்டே போகும் கணக்கு டிஃபனுடையது. கென்கோ தன் பிளாக் மிஸ்ட்டை 0.5, 1 என்கிறது. மொமன்ட் கம்பெனி சினிப்ளூம் என்று பெயர் வைத்து 10%, 20% என்கிறது. இவற்றுக்குள் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 1/4 இன்னொன்றின் 1/4-ஐவிடத் தெளிவாக அழுத்தமாக இருக்கும். எனவே இரண்டு கேமராவில் வேலை செய்பவர்கள் இரண்டு கேமராவுக்கும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். கேண்டிட் கேமராவில் ஒன்று, ஜிம்பலில் வேறொன்று என்று இருந்தால் எடிட்டில் கட் விழும் இடமெல்லாம் துருத்தும். கலரைச் சமன் செய்துவிடலாம், விளக்கைச் சுற்றிய வட்டத்தின் அளவைச் சமன் செய்ய வழி இல்லை.

ஒரே கம்பெனி, ஒரே நம்பர் என்றாலும் லென்ஸ் மாறினால் ஃபில்டர் மாறியது மாதிரி ஆகும். பலரும் கவனிக்காத இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். துகளில் பட்ட ஒளி ஒரு கோணத்தில் சிதறுகிறது. அந்தக் கோணம் ஃபில்டருக்கு ஃபில்டர் மாறுமே தவிர, நீங்கள் எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் சுமார் 74 டிகிரி பார்க்கிறது. 85 மி.மீ. பார்ப்பது சுமார் 24 டிகிரி. விளக்கைச் சுற்றி 2 டிகிரிக்கு ஒளி பரவுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 85-ல் அது ஃப்ரேமின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 24-ல் முப்பத்தேழில் ஒரு பங்கு, அவ்வளவாகக் கண்ணில் படாது. வைடில் நன்றாக இருந்த 1/4 ஃபில்டரை அப்படியே 85-க்கு மாற்றி மாட்டியதும் "என்ன இது, பனிமூட்டம் மாதிரி ஆயிடுச்சு" என்று தோன்றுவது இதனால்தான். வைடுக்கு 1/4 என்றால் போர்ட்ரெயிட் லென்ஸுக்கு 1/8. 135, 70-200 போட்டுத் தூரத்தில் நின்று எடுக்கும்போது நான் பெரும்பாலும் ஃபில்டரே மாட்டுவதில்லை.

வைட் லென்ஸில் இன்னொரு ஆபத்து. அபெர்ச்சரை f/11, f/16 என்று மூடிவிட்டால் ஃபில்டரின் கறுப்புப் புள்ளிகளே லேசாக ஃபோகஸுக்குள் வரப் பார்க்கும். வெளிறிய வானத்தில் அழுக்குப் படிந்தாற்போல் தெரியும். வெயிலில் வீடியோ எடுப்பவர்கள் ஷட்டரை 1/50-ல் வைத்துவிட்டு வெளிச்சத்தைக் குறைக்க அபெர்ச்சரை மூடுவார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். என்டி ஃபில்டரால் குறையுங்கள், அபெர்ச்சரைத் திறந்தே வையுங்கள். என்டியும் மிஸ்ட்டும் ஒன்றாகச் சேர்ந்த கண்ணாடி இப்போது கிடைக்கிறது. இரண்டைத் தனித்தனியாக அடுக்கினால் வைடில் மூலைகள் கறுக்கும்.

இனி நான் ரொம்பவும் அக்கறையோடு சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். தலைமுடி, மல்லிகை, தோல் நிறம்.

மணப்பெண்ணின் பின்னலை 85-ல் க்ளோஸாக எடுங்கள். கரிய கூந்தல், அதில் நெருக்கமாகத் தொடுத்த மல்லிகை, நடுவில் தங்க ஜடைநாகம். உலகத்தின் மிகக் கறுப்பான பொருளும் மிக வெள்ளையான பொருளும் ஒரு விரற்கடை தூரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஃபில்டரைச் சோதிக்க இதைவிடக் கடினமான சப்ஜெக்ட் கிடையாது. வெள்ளை வகை ப்ரோ-மிஸ்ட் மாட்டினால் பூவின் வெளிச்சம் கூந்தலுக்குள் கசிந்து, கறுப்பு சாம்பலாகிவிடும். முடியின் இழை தெரியாது. கறுப்புத் துகள் சேர்த்த பிளாக் மிஸ்ட்டில் அந்தக் கசிவில் கொஞ்சத்தைத் துகளே விழுங்கிவிடுகிறது. பூவைச் சுற்றி மெல்லிய மலர்ச்சி இருக்கும், கூந்தல் கறுப்பாகவே நிற்கும். பிளாக் மிஸ்ட்டிலும் 1/2 போனால் சாம்பல் எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும்.

தோலுக்கும் இதே கணக்குதான். நம் ஊர்க் கல்யாணத்தில் ஒரே குடும்பத்தில் எத்தனை நிறம்! கறுத்த தோலின் அழகு அதன் ஆழத்தில் இருக்கிறது. கன்னத்தின் ஓரத்தில் நிழல் இறங்கும் இடம், கழுத்தில் நகையின் கீழே இருக்கும் இருள், நெற்றியில் விழும் ஒரு மினுக்கு. அழுத்தமான ஃபில்டர் நிழல்களைத் தூக்கிவிடும். தூக்கினால் அந்த ஆழம் போய், முகம் சாம்பல் பூசினாற்போல் ஆகும். ஏற்கெனவே மேக்கப்பில் இரண்டு ஷேட் ஏற்றியிருப்பார்கள், எடிட்டில் இன்னும் ஒன்று ஏற்றுவார்கள், நடுவில் நாமும் ஒன்று ஏற்றினால் வீட்டார் வளர்த்த பெண்ணின் முகம் எங்கே போவது? கறுப்பு கறுப்பாக, மாநிறம் மாநிறமாக வர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மிஸ்ட்டில் எடுத்த ஃபுட்டேஜை கிரேடு செய்யும்போது முதல் வேலையாக வேவ்ஃபார்மில் கூந்தலைப் பார்த்து, கறுப்பைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன்.

அதே கறுத்த தோலுக்கு இந்தக் கண்ணாடி நல்லதும் செய்யும். காலை முகூர்த்தம், ஹோமம், வீடியோ லைட், ஏசி இல்லாத மண்டபம். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வியர்வை மினுங்கும். டிஜிட்டல் கேமரா அந்த மினுக்கை ஓரம் வெட்டினாற்போல் பதிவு செய்யும், முகத்தில் வெள்ளைத் திட்டு ஒட்டியது மாதிரி. 1/8 பிளாக் மிஸ்ட் அந்த ஓரத்தை மட்டும் கரைத்துவிடும். மினுக்கு இருக்கும், திட்டு இருக்காது. முகத்துக்கு ஃபில்டர் செய்யும் நிஜமான உதவி இதுதான்.

பருவும் தழும்பும் இதில் மறையாது. "தம்பி, பொண்ணு மூஞ்சில பரு தெரியாம எடுங்கப்பா" என்று அம்மாக்கள் சொல்வார்கள். அதற்குப் பெரிய சாஃப்ட்பாக்ஸைக் கிட்டத்தில் வையுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தைத் தவிருங்கள். தோலின் மேடுபள்ளம் தெரிவது நிழலால்; நிழலைச் சாஃப்ட் ஆக்குவது லைட்டின் வேலை. மிஸ்ட்டைவிடத் தோலைக் கவனிக்கும் ஃபில்டர்கள் வேறு உண்டு. ஹாசல்பிளாட் கேமராக்களுக்காக ஸைஸ் செய்த சாஃப்டார் அப்படி ஒன்று, கண்ணாடிப் பரப்பில் குட்டிக் குட்டி லென்ஸ் மாதிரிப் புடைப்புகள் இருக்கும். ஷ்னைடரின் கிளாசிக் சாஃப்ட்டும் அதே வழி. அவை மிகச் சின்ன விவரங்களை மழுக்கும், மிஸ்ட் அளவுக்கு நிழலைத் தூக்காது. போர்ட்ரெயிட் மட்டுமே எடுப்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

பாட்டி, தாத்தா முகங்களுக்கு நான் ஃபில்டரைக் கழற்றிவிடுவேன். சுருக்கத்துக்குள் இருக்கும் வெளிச்சம் அப்படியே வரட்டும்.

இந்த மென்மை மேல் போட்டோகிராபிக்கு இருக்கும் ஆசை ரொம்பப் பழையது. ஜூலியா மார்கரெட் கேமரூன் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கேமராவில்தான் ஆரம்பித்தார். ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே வரும்போது எங்கே அழகாகத் தெரிந்ததோ அங்கேயே நிறுத்திவிடுவேன், மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மை வரை போக மாட்டேன் என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்து விமர்சகர்கள் திட்டினார்கள். அவர் 1875-ல் இலங்கைக்குப் போய், அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879-ல் இறந்து, மலையகத்தில் பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கு அப்புறம் மென்மைக்கென்றே லென்ஸ்கள் வந்தன. 1930-களில் ரோடன்ஸ்டாக் கொண்டுவந்த இமாகான் லென்ஸில், ஓட்டை போட்ட தகடுகளைப் போட்டு மென்மையைக் கூட்டலாம், குறைக்கலாம். சினிமாவில் கேமராமேன் வில்மோஸ் சிக்மண்ட் 'மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்' (1971) படத்துக்கு ஃபாக் ஃபில்டரும் போட்டார், ஃபிலிமையும் முன்கூட்டியே லேசாக வெளிச்சம் காட்டி நிழலைத் தூக்கினார். பனியில் உறைந்த ஒரு சுரங்க ஊரின் விளக்குகள் அதில் எப்படி எரிகின்றன என்று ஒரு தடவை பாருங்கள். இன்னொரு கேமராமேன் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் 'சூப்பர்மேன்' (1978) வரைக்கும் இந்த ஃபாக் ஃபில்டரை விடவே இல்லை. லென்ஸும் சென்சாரும் கண்ணைக் குத்தும் கூர்மைக்கு வந்த பிறகு அந்தக் கண்ணாடிகளையெல்லாம் எல்லோரும் மறுபடி தேட ஆரம்பித்ததில் ஆச்சரியம் இல்லை.

காசு செலவழிக்காமல் பழக ஆசைப்படுபவர்களுக்கு, கேமராமேன்கள் பல காலமாகச் செய்வது ஒன்று இருக்கிறது: மெல்லிய கறுப்பு ஸ்டாக்கிங்ஸ் துணி. சினிமாக்காரர்கள் லென்ஸின் பின்பக்கம் ஒட்டுவார்கள். மிரர்லெஸ் கேமராவில் அதைச் செய்யாதீர்கள், பசையோ நூலோ சென்சாரில் விழுந்தால் வம்பு. முன்பக்கம் இழுத்துப் பிடித்து ரப்பர் பேண்ட் போட்டால் போதும். இழுக்க இழுக்கக் கண்ணி பெரிதாகி எஃபெக்ட் குறையும். கண்ணி நெய்திருக்கும் திசையில் விளக்கிலிருந்து மெல்லிய கோடுகள் கிளம்பும், அது ஒரு தனி அழகு. வெள்ளைத் துணி போட்டால் நிழல் தூக்கும், கறுப்புதான் நல்லது.

மண்டபத்தில் ஃபில்டரைக் கழற்றியே ஆக வேண்டிய இடங்கள் சில. முதலாவது எல்இடி வால். ரிசப்ஷன் மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் எரியும் அந்தத் திரையே ஒரு பெரிய விளக்கு. அதன் ஒளி முகங்களின் மேல் வழிந்து, மேடையில் நிற்பவர்கள் எல்லோரும் ஊதாவாகவோ பச்சையாகவோ வெளிறிவிடுவார்கள். ஆபரேட்டரிடம் "அண்ணே, பிரைட்னஸ் கொஞ்சம் குறைங்க" என்று கேட்டுப் பாருங்கள், பலர் குறைப்பார்கள். குறைக்காவிட்டால் ஃபில்டர் பைக்குள் போகட்டும். இரண்டாவது, ஹோமப் புகை. சமித்து எரிந்து புகை எழும்பி, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டால் காற்றே டிஃப்யூஷன் ஆகிவிட்டது. அதுவும் இந்த டிஃப்யூஷன் தூரத்துக்குத் தகுந்தாற்போல் மாறும்: பக்கத்தில் இருப்பவர் தெளிவாக, தூரத்தில் இருப்பவர் மங்கலாக. கண்ணாடியால் அதைச் செய்ய முடியாது, அது எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் மழுக்கும். புகை இருக்கும்போது கண்ணாடி வேண்டாம். மூன்றாவது, ஃப்ரேமுக்கு வெளியே பக்கவாட்டில் நின்று லென்ஸை நேராகக் குத்தும் ஃபோகஸ் லைட். படத்தில் விளக்கு தெரியாது, படம் மொத்தமும் பால் ஊற்றினாற்போல் ஆகிவிடும். உதவிக்கு வரும் தம்பியை ஒரு கறுப்பு அட்டையோடு பக்கத்தில் நிறுத்துங்கள். லென்ஸ் ஹுட் மட்டும் போதாது.

ஃபோகஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோஃபோகஸ் பெரும்பாலும் சமாளித்துவிடும். மேனுவலில் பீக்கிங்கை நம்பி எடுப்பவர்கள் கவனம், கான்ட்ராஸ்ட் குறைவதால் பீக்கிங் கோடு மெலிந்து தெரியும். பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். கண்பாவையில் விழும் லைட்டின் பிரதிபலிப்பு லேசாக மலர்ந்திருக்க வேண்டும், இமைமுடி வெட்டினாற்போல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் ஃபில்டர் சரியான அளவில் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சுத்தமும் முக்கியம். சாதாரண யூவி ஃபில்டரில் ஒரு விரல் ரேகை படத்தில் தெரியாமல் போகலாம். மிஸ்ட்டோடு சந்தனக் கைரேகையும் சேர்ந்தால் விளக்கைச் சுற்றிய வட்டம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். அட்சதையும் பன்னீரும் பறக்கும் இடம் அது, சட்டைப்பையில் மைக்ரோஃபைபர் துணி இருக்கட்டும்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் முதலில் ஒரு 1/8 பிளாக் மிஸ்ட் வாங்குங்கள், 82 மி.மீ. அளவில். 77, 67 லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளலாம், லென்ஸுக்கு ஒன்றாக வாங்க வேண்டியதில்லை. வேலைக்கு எடுத்துப் போவதற்கு முன் வீட்டில் ஒரு சாயங்காலம் காமாட்சி விளக்கை ஏற்றி, தலையில் பூ வைத்துக்கொண்ட ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 24, 50, 85 மூன்றிலும் ஃபில்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எடுங்கள். எக்ஸ்போஷரை மேனுவலில் பூட்டிவிட வேண்டும், ஆட்டோவில் விட்டால் கேமரா தானாக மாற்றி உங்களைக் குழப்பும். பிறகு கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முகத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் சுடர், அடுத்து பூ, அப்புறம் பூவை ஒட்டிய கூந்தல். கூந்தல் எந்த லென்ஸில் சாம்பலாகத் தொடங்குகிறதோ அந்த லென்ஸுக்கு அந்த ஃபில்டர் அதிகம்.